பாதியில் நின்ற தாள்கள்

"மார்ச் 11, செவ்வாய். பாதியில் விட்ட தாள்களைப் படித்துக்கூடப் பார்க்காமல் ஒதுக்கிவிட்டேன். தப்பு என்னுடையது."

வகுப்புக்கு முன் கணினி அறையில் உட்கார்ந்து அவள் இதை டைரியில் எழுதினாள். பகலில் மருந்துக்கடையில் பில் போட்டுவிட்டு மாலையில் உளவியல் படிப்பவள். எதையும் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பதால் வகுப்பில் அவள் பெயர் 'தராசு'.

கோபம், பதற்றம், அழுகை வந்தால் சமாளிக்க மாணவர்கள் எவ்வளவு திணறுகிறார்கள் என்பதுதான் அவளுடைய ஆய்வு. முழுதாக நிரப்பிய கருத்துக்கணிப்புத் தாள்களை மட்டும் எண்ணியதில், மாலை வகுப்புக்காரர்களுக்குத் திணறல் குறைவு என்று வந்தது. அதை நம்பி, கல்லூரியின் மனநல ஆலோசகரைப் பகலில் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று துறைத்தலைவி வெள்ளிக்கிழமை முடிவு செய்யவிருந்தார்.

ஒதுக்கிய கட்டைப் புரட்டினால், பெரும்பாலும் மாலை வகுப்பு. 'வருத்தம் வந்தால் வேலையில் மனம் ஓடுவதில்லை' என்ற வரிக்கு நேரே 'எப்போதும்' என்று தாளுக்குத் தாள் டிக். பின்பக்கம் காலி. ஒருவர் ஓரத்தில் "பஸ் வந்துடுச்சு" என்று எழுதியிருந்தார்.

"பாரு, பஸ்ஸப் பிடிக்க ஓடினவங்கடி" என்றாள் உடன் ஆய்வு செய்பவள், தடிக் கண்ணாடியால் 'சோடாபுட்டி' ஆனவள். "அழகா முடிஞ்ச ரிப்போர்ட்டக் கெடுத்துடாதே, தாயே."

"ஓடினவங்களுக்கு மனசு இல்லியா? கஷ்டம் ஜாஸ்தின்னு நான் சொல்லல. கம்மின்னு சொல்ல நம்மகிட்ட என்ன இருக்கு?"

"சரி, மேடம்கிட்ட யாரு மாட்டறது?"

"நான்தான்."

அறையில் விஷயத்தைக் கேட்டதும் துறைத்தலைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "எல்லாம் சரிபார்த்தாச்சுன்னு நீதானேம்மா சொன்னே?"

"எண்ணினதத்தான் சரிபார்த்தேன் மேடம். எண்ணாம விட்டதப் பாக்கல." அவள் நகரவில்லை. "ரிப்போர்ட்ல மாலை வகுப்புக்குத் திணறல் குறைவுங்கற அந்த ஒரு வரிய எடுத்துடுங்க. வெள்ளிக்குள்ள அவங்ககிட்ட மறுபடி கேட்டுட்டு வந்துடறேன்."

"முடியலன்னா?"

"'தெரியவில்லை'ன்னு எழுதி, கையெழுத்தும் நானே போடறேன்."

அவர் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். "வெள்ளி காலைல என் மேஜைல இருக்கணும்."

வெளியே வந்ததும் சுவரோரமாக நின்றபடியே டைரியைப் பிரித்தாள்.

"புதன்: கடையில் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்ப அனுமதி கேட்க வேண்டும். புதுத் தாள்கள், பெயர் கேட்காமல். வகுப்பு முடியும்போது கொடுக்கக் கூடாது. தொடங்கும்போதே ஆசிரியரிடம் இருபது நிமிடம் கேட்டு வாங்க வேண்டும்."