எக்கோவின் குமிழ்

அவனை எல்லோரும் எக்கோ என்றுதான் கூப்பிட்டார்கள். மைக் செட் வைத்திருந்தவர்கள் பலர். அழுகையைப் பெரிதாக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். தொழிற்சங்கத் தலைவர் மேடையில் கண்ணாடியைக் கழற்றினால் அது ஜாடை. எக்கோ தன் மைக் பெட்டியில் எதிரொலிக் குமிழைத் திருப்புவான். தழுதழுத்த குரல் எதிர்ச்சுவர் வரை போய்த் திரும்பும். கல்நெஞ்சக்காரனும் மூக்கை உறிஞ்சுவான். அதில் அவனுக்குத் தலைகால் புரியாத பெருமை.

அன்று கூட்டம் ஆலை கேட்டுக்கு எதிரே. தகடு வெட்டும் மெஷின் ஒரு தொழிலாளியைத் தோளோடு இழுத்துக் கொன்றிருந்தது. மெஷினுக்குத் தடுப்புக் கம்பி கேட்டு வருஷக்கணக்கில் கொடுத்த மனுக்கள் குப்பைக்குத்தான் போயின. மனுவால் ஆகாததைக் கண்ணீர் செய்யும் என்றார் தலைவர். செத்தவனின் அம்மாவை மேடையேற்றி, ரத்தம் காய்ந்த சட்டையைக் கையில் கொடுத்திருந்தார்.

மைக்குக்குக் கரண்ட் எடுத்தது கேட் காவலாளியின் அறையிலிருந்து. அவன் எக்கோவின் தங்கை புருஷன். "மொதலாளிக்குத் தெரிஞ்சா என் பொழப்புல மண்ணுதான் மச்சான்" என்று சிரித்துக்கொண்டே ஒயரை ஜன்னல் வழியாக வாங்கிச் சொருகினான். நல்ல மனுஷன்.

அந்த அம்மா மைக் முன்னால் நின்றாள். சட்டையில் கை கிழிந்துபோன பக்கத்தைத் தடவித் தடவித் தேம்பினாள். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். எக்கோ திருப்பினான். தேம்பல் தெரு முழுக்க மோதியது, முதல் கல் பறந்தது. அடுத்த கல் காவலாளியின் நெற்றியைப் பிளந்தது. கண்ணில் ரத்தம் வழிய அவன் அறைக்குள் ஓடித் தாழ்போட்டான்.

சத்தம் நின்றால் கூட்டம் கலையும். இத்தனை வருஷமாக எக்கோ கண்டது அதுதான். பெட்டியின் சுவிட்சைத் தட்டி அணைத்தான்.

பாவி, அன்றைக்குத்தான் அந்தக் கணக்குப் பிசக வேண்டுமா? ஒரு தாயின் அழுகை பாதியில் அறுந்ததும் எல்லாக் கண்களும் ஒயரைப் பிடித்துக்கொண்டு போய் ஜன்னலில் நின்றன.

"வாட்ச்மேன் கரண்ட்ட புடுங்கிட்டான்டா" என்றது ஒரு குரல்.

கதவு ஒரே மோதலில் விழுந்தது. காவலாளியைத் தலைமுடியைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். அவன் சொருகிக் கொடுத்த ஒயரையே கழுத்தில் சுற்றினார்கள். கேட்டின் தாழ்க்கம்பி மண்டையில் இறங்கியது. தான்தான் நிறுத்தியதாக எக்கோ கத்திக்கொண்டே ஓடினான். வெறும் தொண்டை, பத்தடி தாண்டவில்லை. சுவிட்சைப் போட்டு மைக்கில் சொல்லியிருக்கலாம் என்பது அந்த மடையனுக்குத் தோன்றவே இல்லை. அடிகளை வாங்கிக்கொண்டு புகுந்து காவலாளிமேல் விழுந்தபோது, அடையாளம் காண முகம் மிஞ்சியிருக்கவில்லை.

ஆலை எரிந்தது. அந்த வாரமே எல்லா ஆலைகளிலும் தடுப்புக் கம்பி கட்டாயம் என்று உத்தரவு வந்தது. மனு சாதிக்காததைக் கண்ணீர் சாதித்துவிட்டது. தலைவர் அதோடு விடவில்லை. கரண்டை நிறுத்தச் சொன்னதே முதலாளிதான், காவலாளியின் சாவும் அவன் தலையில்தான் என்று அடுத்த கூட்டம் போட்டார். மேடையில் எக்கோவின் தங்கை நின்றாள், கையில் புருஷனின் காக்கிச் சட்டையோடு.

"கரண்ட்ட நிறுத்துனவன் எவனோ, அவன்தான் என் புருஷனக் கொன்னவன்" என்றாள். "அவன் எனக்கு வேணும்."

வீட்டில் அவள் கேட்டபோதெல்லாம் எக்கோ வாயைத் திறக்கவில்லை. இப்போது கூட்டம் கம்புகளோடு முதலாளி வீட்டுப் பக்கம் திரும்பியது. அந்த வீட்டு கேட்டிலும் ஒரு காவலாளி உண்டு. தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

எக்கோ குமிழை அடிவரை குறைத்தான். மேடையேறித் தங்கையிடமிருந்து மைக்கை வாங்கினான்.

"மொதலாளி இல்ல. கரண்ட்ட நிறுத்துனது நான். மாப்ளைய காப்பாத்தத்தான் நிறுத்துனேன்" என்றான். குரல் தட்டையாக, சொன்னபடியே போய்ச் சேர்ந்தது.

தலைவர் அவசரமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். போய்க்கொண்டிருந்த கூட்டம் நின்றது, மேடையை நோக்கித் திரும்பியது. எக்கோ தங்கையைப் பார்த்தான். அவள் காக்கிச் சட்டையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கினாள்.