ஜரினாவின் ஆறாவது கன்று

கீழ்க்கடலில் கதிரவன் எழுந்து, நூல் பிடித்தாற்போல் நேராக ஓடும் புதுவைத் தெருக்களின் வெண்சுவர்களில் இளமஞ்சள் பூசி, மாதாகோயில் மணியோசையும் ரொட்டி வேகும் மணமும் ஒருங்கே பரவிய ஞாயிற்றுக்கிழமை விடியலில், நகரமே போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கிடக்க, உழவர்கரைத் தோட்டக்கலைப் பயிலகம் ஒன்றை நோக்கிச் சிலர் மட்டும் விரைந்துகொண்டிருந்தனர். ஆறு நாளும் அலுவலில் தேய்ந்து, ஏழாம் நாளும் ஓய்வின்றி மண்ணைக் கிளற வந்த இவர்களை வீட்டார் பித்தர் என்றனர். படிப்பவரே, நீங்களும் விரைந்து அப்படிச் சொல்லிவிடாதீர்கள்.

அவர்களுள் ஒருத்தி ஜரினா. நகரத்து மருத்துவமனை ஒன்றின் அறுவை அரங்கில் இருபத்திரண்டு ஆண்டுகளாகச் செவிலியாய் நின்று, மருத்துவர் கேட்குமுன் கத்தியை நீட்டவும், கண்ணுக்குத் தெரியாத அழுக்கையும் விடாமல் துடைக்கவும் பழகியவள். அம்மருத்துவமனையின் பின்புறம் ஒரு வெற்றுநிலம் கிடந்தது. வெளியூர்ப் பேருந்துகளில் வந்திறங்கிய நோயாளிகளின் உறவினர், உள்ளே தம்மவர் பிழைப்பாரா என்று ஏங்கியபடி, அங்கேதான் உச்சி வெயிலில் வெந்துகொண்டிருந்தனர். அங்கே மாமரங்கள் வைக்கலாமா என்று ஜரினா கேட்டபோது, முறையாகத் தோட்டக்கலை கற்றுச் சான்றிதழோடு வந்தால் நிலத்தைத் தருவதாகவும், தை பிறப்பதற்குள் வராவிட்டால் வண்டி நிறுத்தத் தளம் போட்டுவிடுவதாகவும் மேலிடத்தார் சொல்லிவிட்டனர். சான்றிதழ் வேண்டுமெனில், பத்து மாங்கன்றுகளில் ஒட்டுக்கட்டி, ஆறையேனும் பிழைக்கவைத்துக் காட்ட வேண்டும்.

அவள் கட்டிய ஒட்டுகளைக் கண்டு வகுப்பே வாயடைத்தது. கன்றின் தண்டைப் பிளந்த நேர்த்தியும், நல்ல மாமரத்தில் வெட்டிய ஒட்டுக்குச்சியை ஆப்புப்போல் சீவி அதில் செருகிய அமைதியும், மெல்லிய நாடாவைச் சுற்றிய பாங்கும் அப்படி! ஆயினும் மூன்றே வாரத்தில் பத்தும் கருகிப்போயின. அடுத்த வரிசையில், பேருந்து ஓட்டுநரான பக்கிரி என்பவர், மூட்டை கட்டுவதுபோல் முரட்டுத்தனமாகக் கட்டிய பத்தில் எட்டு துளிர்த்து நின்றன. ஜரினாவுக்கு வயிறெரிந்தது, எரியாதா பின்னே?

இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு என்றனர் பயிலகத்தார். ஆவணி ஞாயிறொன்றில், அவளைவிடப் பதினைந்து ஆண்டு இளையவளான ஆசிரியை அன்புசெல்வி, அருகிலேயே நின்று கண்கொட்டாமல் பார்த்தாள். ஜரினா கத்தியைத் துடைத்தாள், தண்டைப் பிளந்தாள், பிறகு, ஊரார் ஸ்பிரிட்டு என்று வழங்கும் எரிசாராயத்தில் பஞ்சை நனைத்து, வெட்டிய இடத்தில் ஒற்றப் போனாள். அன்புசெல்வி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“கத்தியத் தொடைங்கக்கா, அது நல்லது. வெட்டின எடத்தத் தொடைக்காதீங்க. அந்த ஈரப்பச்சதான் ரெண்டயும் சேக்கும். ஸ்பிரிட்டு பட்டா வெந்துடும்.”

“தொடைக்காம மூடினா சீழ் வெச்சிடும்மா. இருவத்திரெண்டு வருசமா ஒரு புண்ணக்கூட நான் அப்படி விட்டதில்ல.”

முன்பு பத்தும் கருகிய காரணம் ஜரினாவுக்குப் புரிந்துவிட்டது, ஆனால் அறிவு ஏற்றதைக் கை ஏற்கவில்லை. சாறு பிசுபிசுக்கும் வெட்டை அப்படியே மூடுவது, இத்தனை ஆண்டுத் தொழிலுக்குச் செய்யும் இரண்டகமாகவே அவளுக்குப் பட்டது. கடைசியில் புட்டியை அன்புசெல்வியிடமே கொடுத்து, கேட்டாலும் தரவேண்டாம் என்று சொல்லி, பல்லைக் கடித்துக்கொண்டு பத்தையும் கட்டினாள். இடையில் இருமுறை கை நீட்டிக் கேட்கவும் செய்தாள், அன்புசெல்வி தரவில்லை.

நான்கு வாரம் கழித்து ஞாயிறன்று தேர்வாளர் வந்தார். ஐந்து கன்றுகளில் செம்புநிறத் தளிர் விட்டிருந்தது, நான்கு பட்டுப்போயிருந்தன. எஞ்சிய ஒன்றோ துளிர்க்கவுமின்றிக் கருகவுமின்றி மொட்டையாய் நின்றது. ஐந்து என்று எழுதத் தேர்வாளர் எழுதுகோலை எடுத்தார். ஜரினாவின் கண்முன்னே அந்த நிலத்தில் தளம் போடுவதே தெரிந்தது. அன்புசெல்வி மண்டியிட்டு, ஒட்டுக்குச்சியின் பட்டையை நகத்தால் மெல்லக் கீறினாள். உள்ளே பச்சைப்பசேலென்று ஈரம் மின்னியது.

“உசுரு இருக்குதுக்கா,” என்றாள்.

தேர்வாளரும் குனிந்து பார்த்து, ஆறு என்று எழுதினார். அறுவை அரங்கின் கதவைத் திறந்துவந்து, வெளியே காத்திருந்த எத்தனையோ பேரிடம் ‘உசுரு இருக்குது’ என்ற அந்தச் சொல்லைச் சொன்னவள் ஜரினா; காத்திருந்தவளாய் நின்று கேட்டது அன்றுதான். ஈரமண்ணிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

கார்த்திகை மழையில் ஆறு கன்றுகளும் மருத்துவமனையின் பின்புற நிலத்தில் வேர்கொண்டன. நிழல் விழ இன்னும் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை வெயில் வெயில்தான். அறியாததைக் கற்பது எளிதன்று, அன்பரே. நன்றாய்க் கற்ற கையைச் சற்றே சும்மா இருக்கச் சொல்வது அதனினும் கடினம். அக்கடினத்தைக் கடந்த ஒருத்தியால், யாரென்றே அறியாத பலர் ஒருநாள் அங்கே நிழலில் அமர்ந்து காத்திருப்பர்.