நாற்சந்தியில் நான்கு கார்கள்

எங்கள் தேவாலயத்துப் பைபிளின் மேல் கை வைத்துச் சொல்கிறேன்: இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அமெரிக்காவின் மினசோட்டாவில் எங்கள் ஊர்க்காரர் ஆர்விட் டோலெஃப்சன். அவர் கார் ஒரு தபால் பெட்டியைச் சாய்த்த அன்றே மகள் சோல்வெய்க் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், இன்னொரு கீறல் விழுந்தால் சாவி தன்னிடம் வந்துவிட வேண்டும் என்று. சாவி போனால் ஏரிக்குப் போய் மீன் பிடிப்பதும் போச்சு. ஆகவே ஆர்விட், மார்லிஸ் நடத்திய பாதுகாப்பாக ஓட்டும் வகுப்பில் சேர்ந்தார். ஊர்க் கிழடுகள் நாங்கள் எல்லோருமே சேர்ந்தோம். மார்லிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். அவள் பாடம் ஒன்றுதான்: எதிரே வருகிறவன் தப்புச் செய்யப்போகிறான் என்றே வைத்துக்கொள், உன் முறையே ஆனாலும் அவன் நோக்கம் தெரியாமல் நகராதே.

வகுப்பு முடிந்ததும் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஆர்விட் கிளம்பினார். கீறல் இல்லாமல் ஓட்டிக் காட்டினால் சாவி அவருக்கே.

நாற்சந்தியில் நிறுத்தினார். அதே நொடியில் மற்ற மூன்று பக்கமும் கார்கள் வந்து நின்றன. எதிரே நான். வலப்பக்கத்தில் இருப்பவர் முதலில் போகலாம் என்பது சட்டம். எங்கள் நால்வருக்குமே வலப்பக்கத்தில் ஒருவர் இருந்தார். நால்வரும் மார்லிஸிடம் படித்தவர்கள். போதாததற்கு, முந்திக்கொண்டு போகிறவனை எங்கள் ஊர் மன்னிப்பதில்லை.

ஆர்விட் எனக்குக் கை காட்டினார். நான் அவருக்குக் காட்டினேன்.

"அவர்தான் போகச் சொல்றாரே, போங்களேன்ப்பா" என்றாள் சோல்வெய்க். கண்ணாடி இறங்கியிருந்தது, எனக்கே கேட்டது.

"சொல்லுவான்மா. நான் நகர்ந்ததும் அவனும் நகருவான். மூஞ்சியப் பாரு."

பனி பெய்யத் தொடங்கியது. பனி வாரும் லாரி வந்தது. அதன் ஓட்டுநரும் மார்லிஸ் மாணவர்தான், நிறுத்திவிட்டுக் கை காட்டினார். தேவாலயத்துப் பெண்கள் உருளைக்கிழங்கும் இறைச்சியும் போட்டுச் சுட்டதைப் பெரிய தட்டில் ஏந்தி கார் ஜன்னல் ஜன்னலாக நீட்டினார்கள். கடைசித் துண்டை யாரும் எடுக்கவில்லை. அதற்கும் கை காட்டிக்கொண்டோம்.

ஏப்ரலில் பனி உருகியபோதும் நால்வரும் அங்கேயேதான் நின்றோம். சோல்வெய்க் இறங்கிக் காரைச் சுற்றி வந்து பார்த்தாள். ஒரு கீறல் இல்லை.

"சாவிய நீங்களே வெச்சுக்கோங்கப்பா. இதவிடப் பத்திரமா யாராலயும் ஓட்ட முடியாது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தே போனாள்.

எங்கள் ஊரில் இருப்பது ஒரே ஒரு சாலை. அதைக் குறுக்கே வெட்டும் இன்னொரு சாலை கிடையாது, அதுவும் அந்தப் பைபிள் மேல் ஆணை.