புறாவுக்கு அடியில் பழைய டிஸ்க்

‘பழைய பதிப்பின் டிஸ்க்கைச் செருகவும்’ என்று திரை கேட்டது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ‘ரத்து’ பொத்தானை அழுத்தினார். திரை கோபித்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல் பாவனை செய்துவிட்டு, அதே பணிவோடு அதையே மறுபடியும் கேட்டது. வீட்டில் மனைவி உட்பட யாருமே தன்னிடம் இவ்வளவு பொறுமையாக ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்டதில்லை என்று அவருக்குத் தோன்றியது.

காலையில் கணினிக் கடையில் அந்த வரைபட மென்பொருளின் இரண்டு பெட்டிகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்று முழுப் பதிப்பான ஃபுல் வெர்ஷன், மற்றது அப்கிரேடு. ஏற்கெனவே பழசை வைத்திருப்பவர்களுக்கு அப்கிரேடே போதும், விலையும் கிட்டத்தட்டப் பாதி என்றார் கணினிக் கடைக்காரர். வீட்டிலிருந்தபடியே கட்டட வரைபடம் போட்டுக் கொடுக்கும் மனைவி, ஃபுல்லைத்தான் கையில் எடுத்தாள்.

“இதையே வாங்கிடலாங்க. திங்கக்கிழமை பிளான் குடுக்கணும். எனக்கு எந்த வம்பும் வேணாம்.”

“பழசுதான் நம்மகிட்ட இருக்கே. பட்டன் போனா பட்டன் வாங்கித் தெச்சுக்கணும். யாராவது புதுச் சட்டையா வாங்குவாங்க?”

“மாமா போட்டிருக்கிற சட்டையப் பாத்தாலே தெரியுது,” என்றான் மச்சினன். கல்லூரியில் கடைசி வருடம். சும்மா கூட வந்தவன். சும்மா வருகிறவர்கள் சும்மா இருப்பதில்லை.

அப்கிரேடோடு வீட்டுக்கு வந்ததும் கண்ணாடிக்காரர் ஒரு காரியம் செய்தார். அழுக்குப் பிடித்த பிரேமில் புது லென்ஸைப் பொருத்துகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. அந்தத் தொழில் தர்மப்படி, புதியதைப் போடுவதற்கு முன்னால் கணினியில் இருந்த பழையதை ஒன்றுவிடாமல் துடைத்து அழித்தார். வரைபடங்களை மட்டும் மனைவி முன்ஜாக்கிரதையாகப் பென்டிரைவில் எடுத்து வைத்திருந்தாள். புருஷனோடு பல வருடம் வாழ்ந்தவள்.

“மாமா,” என்றான் மச்சினன் திரையைப் பார்த்துவிட்டு, “பழசு இருந்தாத்தான் அப்கிரேடு. நீங்க பழசக் கொன்னு பொதச்சுட்டு வந்து, நான் அவருக்கு ரொம்ப வேண்டியவன்னு சொல்றீங்க. அது எப்படி நம்பும்?”

“இப்ப என்னடா பண்றது?”

“பழைய டிஸ்க்கக் காட்டுனா நம்பிடும். எங்க வெச்சிருக்கீங்க?”

பிரித்த பெட்டியைக் கணினிக் கடைக்காரர் திரும்ப வாங்கமாட்டார். டிஸ்க் இல்லையென்றால் ஃபுல்லையும் முழு விலைக்கு வாங்க வேண்டும். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். இந்தக் கதையை மச்சினன் சித்தப்பா வீட்டில் ஒருமுறை, பெரியப்பா வீட்டில் ஒருமுறை, இவர் சாப்பிட உட்காரும் ஒவ்வொரு கல்யாணப் பந்தியிலும் ஒருமுறை என்று ஆயுள் முழுக்கச் சொல்வான். அதைத் தாங்க முடியாது. மேசை டிராயரைக் கவிழ்த்தார். அலமாரியைக் குடைந்தார். திடீரென்று நடு அறையில் நின்றுவிட்டார். ஞாபகம் வந்துவிட்டது.

பால்கனி.

போன வருடம் புறாக்களோடு அவருக்கு ஒரு போர் நடந்தது. பளபளப்பைக் கண்டால் புறா பயப்படும் என்று யாரோ சொல்ல, கையில் கிடைத்த ஒரு டிஸ்க்கை நூலில் கட்டி, ஏசியின் வெளிப்பெட்டிக்கு மேலே தொங்கவிட்டார். புறா இரண்டு நாள் அதில் முகம் பார்த்தது. பிடித்துப்போயிற்று. நூல் அறுந்து டிஸ்க் பெட்டியின்மேல் விழுந்ததும், அதன்மேலேயே குச்சியடுக்கிக் குடிவந்துவிட்டது. இப்போது இரண்டு முட்டைகள். முட்டைகளின்மேல் புறா. குச்சிகளுக்கு அடியில் அந்த டிஸ்க்கின் ஓரம் மினுங்கியது.

“கை வைக்காதீங்க,” என்றாள் மனைவி.

“உன் வேலைக்காகத்தானே எடுக்கப் பாக்குறேன்!”

“என் வேலை வீடு கட்ட பிளான் போடுறது. அதுக்கு ஒரு வீட்ட இடிக்கச் சொல்றீங்களா? கூடு கலையாம எடுக்க முடிஞ்சா எடுங்க. முடியலேன்னா, கடை மூடறதுக்குள்ள போய் ஃபுல்ல வாங்கிட்டு வாங்க.”

“அது எழுந்தாத்தானே எடுக்க முடியும்? நாளெல்லாம் உக்காந்திருக்கு.”

“அதுன்னா எது? பகல்ல உக்காந்திருக்கிறது அப்பா. சாயந்திரம் அம்மா வந்து மாத்திவிடும். அப்ப ரெண்டும் கம்பில நின்னு ஏதோ பேசிக்கும். அதுதான் நேரம்.”

“ரெண்டு புறாவா?” ஒரு வருடமாக ஒரே புறாவைத் திட்டிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தார்.

“காலையில கடைக்குப் போயிட்டு ராத்திரி வர்ற மனுஷனுக்கு எப்படித் தெரியும்?”

வெயில் சாய்ந்ததும் அம்மா வந்தது. அப்பா சோம்பல் முறித்து எழுந்து கம்பிக்குத் தாவியது. கண்ணாடிக்காரர் பால்கனிக் கம்பிகளுக்கிடையே கையை விட்டார். எள்ளளவு திருகாணிகளை முடுக்கிப் பழகிய கை அது. மனைவியின் ஸ்டீல் ஸ்கேலைக் கூட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே நுழைத்து, ஒட்டிக் காய்ந்திருந்த எச்சத்தை மெல்ல அறுத்தார். ஒரு பக்கம் அவர் டிஸ்க்கை உருவ உருவ, மறுபக்கத்திலிருந்து மச்சினன் அதே இடத்துக்கு ஓர் அட்டையைத் தள்ளினான். அப்கிரேடு வந்த பெட்டியிலிருந்து வெட்டியது. மனைவி கம்பிக்கு வெளியே கையை நீட்டி, கூட்டின் ஓரத்துக்குக் கீழே ஏந்தி நின்றாள்.

“மாமா, இதுதான் நெசமான அப்கிரேடு. இருக்கிற ஆளக் கலைக்காம அடிய மாத்துறது.”

“வாய மூடிட்டுத் தள்ளுடா.”

ஒரு முட்டை உருண்டது. மனைவியின் ஏந்திய கைகள் அந்தப் பக்கமே நகர்ந்தன. அது மற்ற முட்டையில் சாய்ந்து நின்றது. ஒரே ஒரு குச்சி மட்டும் தெருவில் விழுந்தது.

டிஸ்க்கைச் சோப்புப் போட்டுக் கழுவி, தன் கடையின் மஞ்சள் துணியால் துடைத்தார். எவ்வளவு துடைத்தும் புறாவின் நகக்கீறல்கள் போகவில்லை. கணினி அதை விழுங்கிக்கொண்டது. உள்ளே கரகரவென்று சுற்றியது. நின்றது. மறுபடியும் சுற்றியது.

“பாஸாகிடுமா?” என்றாள் மனைவி. மச்சினன் திரைக்குப் பக்கத்தில் குனிந்தான்.

ஜன்னலுக்கு வெளியே அம்மாப் புறா தன் வீட்டைச் சுற்றிவந்து பார்த்தது. தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் அட்டையைப் பார்த்தது. திரும்பி, மறு கண்ணாலும் பார்த்தது. பிறகு ஒரே ஒரு காலை எடுத்து அட்டையின்மேல் வைத்து, அழுத்திப் பார்த்தது. கணினியின் பச்சை விளக்கு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்காரர் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தபடி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, ஏற்கெனவே சுத்தமாக இருந்ததை இன்னொரு முறை துடைத்தார்.