பொர்ஃபியாதாவின் குறைகள்

"அப்பா என் தோலை உரிச்சுத் தொங்கவிடப் போறாரு, இயாரா."

லூத்மிலா இதை ஏழாவது தடவையாகச் சொன்னாள். சித்தி மகள் இயாரா பிஸ்கட்டை மென்றபடி தலையாட்டினாள். அவளுக்கென்ன, படகை எடுத்து வந்தது அவள் இல்லையே.

இரவு ஒன்றரை மணி. சான் பெர்னாந்தோ படகு கிளப்பிலிருந்து இரண்டு மைல் தள்ளி, ஆறு இருக்க வேண்டிய இடத்தில் சேறு கிடந்தது. வடமேற்குக் காற்று சாயங்காலத்திலிருந்து ஊதி ஊதி பிளாத்தா ஆற்றுத் தண்ணீரைக் கடல் பக்கம் துரத்திவிட்டது. வேறு பாய்மரப் படகாயிருந்தால் இந்நேரம் குடிகாரன் மாதிரி ஒருக்களித்து விழுந்திருக்கும். இவர்கள் வந்த பொர்ஃபியாதாவுக்கு அடியில் ஆழமான ஒற்றைத் தகடு கிடையாது. பக்கத்துக்கு ஒன்றாகக் குட்டையாய் இரண்டு கால்கள். அவற்றைச் சேற்றில் ஊன்றி, அடைகாக்க வந்த கோழி போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அந்த அச்சில் வார்த்தது மொத்தம் ஆறே படகு. ஃபைபர் கிளாஸை நம்பாத ஒரு மனிதர், உடைந்துவிடுமோ என்று பயந்து பயந்து அடுக்குக்கு மேல் அடுக்காக ஒட்டிச் செய்தது. சுவரைத் தட்டினால் படகுக்கு வலிக்காது, கைக்குத்தான் வலிக்கும்.

"நாளைக்குப் பத்து மணிக்கு அந்த அம்மா வாங்க வருது. வந்து பாத்தா படகே இருக்கக் கூடாது. நாணல் பக்கம் ஒளிச்சு வச்சிட்டா கோவிச்சுக்கிட்டுப் போயிடும்னு பாத்தேன். ஆறு இப்படிக் காலை வாரும்னு யாருக்குடீ தெரியும்?"

"உங்கப்பா ஏன் விக்கிறாரு?"

"இடுப்பு வலி. பாயை இழுக்க முடியல. என்னைத் தனியா விடுறதுக்கு லைசென்ஸ் வேணும். அதுக்குப் பதினெட்டு ஆகணும். இன்னும் ரெண்டு வருஷம்." குரலைத் தாழ்த்தினாள். "இன்னொண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லிடாத. முன்பக்க ஜன்னல் ஒழுகுது. அப்பா அதுமேல பெயிண்ட் அடிச்சு மறைச்சிட்டாரு."

"அய்யோ."

"சத்தியமா."

இயாரா மாத்தே தேநீர்க் குடுவையில் வெந்நீர் ஊற்ற ஃபிளாஸ்க்கைத் தூக்கினாள். அதுவரை அது ரேடியோ மைக்கின் பட்டன்மேல் சாய்ந்திருந்தது. தூக்கியதும் பெட்டி அலறியது.

"யம்மா தாயே! பட்டனை விட்டியா? நாப்பது நிமிஷமா இந்த ஆத்துல ஒருத்தன் வாயைத் திறக்க முடியல!"

தூர்வாரும் கப்பலின் கேப்டன் கைத்தான். பட்டன் அமுங்கியிருந்தால் இவர்கள் பேச்சு எல்லாருக்கும் போகும், எவர் பேச்சும் இவர்களுக்கு வராது. ஆறு தூங்குகிறது என்று லூத்மிலா நினைத்திருந்தாள். ஆறு மொத்தமும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறது.

அடுத்து ஒரு பெண் குரல், நிதானமாக.

"வணக்கம். நான் மிர்த்தா பெலோக்கி. பத்து மணிக்கு வரப்போற 'அந்த அம்மா' நான்தான். அக்கரை கொலோனியாலேருந்து வந்துக்கிட்டிருந்தோம், தண்ணி இல்லாம நடுவழியில நங்கூரம் போட்டுருக்கோம். ஜன்னல் விஷயத்தைக் கேட்டேன். வேற என்ன குறை?"

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது லூத்மிலாவுக்கு. மைக்கைப் பிடுங்கினாள்.

"நிறைய மேடம்! கனமோ கனம். காத்து கம்மியா இருந்தா நகரவே நகராது. அலையில ஏறினா தண்ணி முகத்துலதான் அடிக்கும். காத்துக்கு எதிரா திருப்பினா பாதியில நின்னு யோசிக்கும்."

"அது யோசிக்காது, தூங்கும்!" கைத்தான் புகுந்தார். "நான் பாத்திருக்கேன் மேடம். அது திரும்பறதுக்குள்ள நான் சாப்பிட்டுக் கைகழுவிட்டு வந்துடுவேன். அது படகா? மிதக்குற குளியல் தொட்டி."

லூத்மிலாவின் காது சிவந்தது. "யாரு தொட்டி? உங்களுக்குத் திருப்பத் தெரியுமா அங்கிள்? முன்பாயை உடனே விடக் கூடாது. காத்து எதிர்ப்பக்கமா அதுல அடிக்கிற வரைக்கும் பிடிச்சு வைக்கணும். அதுவே மூக்கைத் தள்ளிவிடும், சோறு ஊட்டின குழந்தை மாதிரி திரும்பும்!"

"லூத்மிலா, வேண்டாம்டி," என்று இயாரா கையைப் பிடித்தாள்.

"நீ சும்மா இரு! போன வருஷம் புயல்ல எல்லாப் படகும் கிளப்புக்கு ஓடிச்சு. நாங்க முன்பாயை எதிர்ப்பக்கமா இழுத்துக் கட்டிட்டு, சுக்கானை ஒரு ஓரமா திருப்பி வச்சிட்டு, நடு ஆத்துல நின்னு சூப் குடிச்சோம். ஒரு சொட்டு சிந்தல! இப்போகூட சேத்துல நேரா நிக்கிது, கிளாஸ் சரியல. உங்க கப்பல் நிக்குமா?"

ரேடியோவில் யாரோ கைதட்டினார்கள்.

"இதை விட அழகா எந்தத் தரகரும் சொல்லிருக்க மாட்டான்," என்றாள் மிர்த்தா. "எனக்கு இந்தப் படகுதான் வேணும்."

லூத்மிலா வாயைப் பொத்திக்கொண்டாள். நாக்கைக் கடித்துத் துப்பலாம் போலிருந்தது.

"லூத்மிலா." இது அப்பா. கிளப் ரேடியோவிலிருந்து. "பெயிண்ட் கதை உட்பட எல்லாத்தையும் கேட்டேன்."

"அப்பா…"

"வீட்டுக்கு வா, பேசிக்கலாம். மேடம், ஜன்னலை நான் சரி பண்ணித் தந்துடுறேன்."

"சரி அன்செல்மோ. பொண்ணே, வேற எதையாவது விட்டுட்டியா?"

விட்டிருந்தாள். எஞ்சின் போட்டுப் பின்னோக்கி ஓட்டினால் பொர்ஃபியாதா சுக்கானை மதிக்காது. பின்பக்கம் இடதுபுறமாக எட்டி உதைக்கும். இலக்கை விட்டு வேண்டுமென்றே வலப்பக்கம் குறிவைத்து, அந்த உதையையே வேலைவாங்கித் துறையில் கட்ட வேண்டும். கைத்தானின் சொந்த விசைப்படகு ஒருதடவை அந்த உதையில் கைப்பிடிக் கம்பியை இழந்தது. ரேடியோவில் கைத்தான் இருமியதோடு நிறுத்திக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல மேடம்," என்றாள் லூத்மிலா, பூனைக்குட்டி மாதிரி. "எங்க கிளப்புல எல்லாரும் பின்பக்கமா வந்துதான் கட்டணும். புதுசுல கொஞ்சம் கஷ்டமா இருக்கும். நான் பக்கத்துலதான் இருக்கேன். ஒவ்வொரு தடவை போறப்பவும் கூட்டிட்டுப் போங்க."

"எவ்வளவு நாளைக்கு?"

"ஒரு ரெண்டு வருஷம்."

இரைச்சலுக்கு நடுவே அப்பாவின் குரல்:

"ரெண்டு பத்தாது மேடம். அதைக் கட்டப் பழக எனக்கே நாலு ஆச்சு."