இது தண்ணி இல்ல, டீச்சர்

ஜூன் மாதக் கடைசி வேதியியல் வகுப்பில் ரட்மிலா டீச்சர் என்னைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டார். எங்கள் நீஷ் நகரத்துப் பள்ளியில் ஐந்து வாங்கினால் கெட்டிக்காரி, இரண்டு வாங்கினால் பிழைத்தாய், ஒன்று என்றால் ஆகஸ்டில் மறுதேர்வு. நான் அதுவரை வாங்கியதெல்லாம் ஒன்றுதான். ஆகஸ்டில்தான் அம்மா தன் பார்லரைப் பூட்டிவிட்டு, என்னோடு விடுமுறைக்குக் கடலுக்குப் போவாள்.

"நீ ஃபெயிலானா நானும் போகல. ரெண்டு பேரும் வீட்லயே குளிர்கால ஊறுகாய்க்குக் குடைமிளகாய் சுட்டுக்கிட்டுக் கெடப்போம்" என்று சொல்லியிருந்தாள். வருஷம் முழுக்க நின்றே வேலை பார்ப்பவள். எனக்குப் பாவமாக இருந்தது.

"ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்தா தண்ணி. சமன்படுத்து, டியானா."

H₂ + O₂ → H₂O என்று எழுதினேன். இடப்பக்கம் ஆக்சிஜன் இரண்டு, வலப்பக்கம் ஒன்று. முதல் பெஞ்சிலிருந்து ஒக்னியென், "ரெண்டு போடு, ரெண்டு!" என்று கிசுகிசுத்தான். பலகையில் மாட்டியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது எங்கள் வகுப்பு தர்மம். எங்கே போடுவது என்று மட்டும் எந்தப் புண்ணியவானும் சொல்லமாட்டான். O-வின் காலடியில் சின்னதாக ஒரு 2 போட்டேன். H₂O₂. கணக்கு கச்சிதமாக நின்றது. டீச்சரோ இன்னொரு ஒன்று போடப் பேனாவை எடுத்துவிட்டார்.

இதை எங்கேயோ பார்த்திருக்கிறேனே! அம்மா கடையில், அந்த வெள்ளைப் பாட்டிலில்.

"டீச்சர், இருங்க! இது தண்ணி இல்ல!"

"பின்னே?"

"அம்மா முடிய வெளுக்க வைக்கிற மருந்து."

வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. "அப்போ? தண்ணி கேட்டவளுக்கு அதையா குடுப்ப?"

சின்ன எண்ணைத் தொட்டால் பொருளே மாறிவிடும். அதை அழித்துவிட்டு, தண்ணீருக்கு முன்னால் பெரிய 2 போட்டேன். இப்போது ஹைட்ரஜன் இடப்பக்கம் குறைந்தது. அதற்கு முன்னாலும் ஒரு 2. இரு பக்கமும் நாலு ஹைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன்.

"வருஷத்துக்கே ரெண்டு தரேன். போய்த் தொலை" என்றார் டீச்சர். அப்பாடா! அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

பார்லருக்கு ஓடினேன். நடந்ததைக் கேட்டதும், வாடிக்கையாளர் நாற்காலியில் அம்மா பொத்தென்று உட்கார்ந்தாள். அவள் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. வெள்ளைப் பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இத்தன வருஷமா என் விரலத்தான்டி வெளுக்க வச்சுது இது. இன்னிக்கித்தான் உருப்படியா ஒரு வேல செஞ்சிருக்கு" என்றாள். கண்ணில் நீர் கட்டியிருந்தது.

பக்கத்து நாற்காலியில் தலை நிறைய அதே மருந்தோடு உட்கார்ந்திருந்த வுக்கோசாவா அத்தை கத்தினாள்: "கடலுக்கு அப்புறம் போகலாம், மொதல்ல என் தலையக் கழுவி விடுடி, எரியுது!"