சேற்றுப்புண் வைத்தியம்

இலங்கை மலைநாட்டில், தெமோதரைக்கு மேலிருந்த தேயிலைத் தோட்டத்தில் ஐப்பசி மழை பிடித்ததும், துரையின் குதிரைக்குக் குளம்புக்கு மேலே பொருக்குத் தட்டிப் புண்ணாகிவிட்டது. குதிரைக்காரன் சடையன் சும்மா இருப்பானா? சேற்றைக் கண்டால் துரைக்குப் பொறுக்காதென்று, ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் மலையிலிருந்து கொட்டும் பீலித் தண்ணீரில் அதன் கால்களைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். புண் இன்னும் மேலே ஏறியது.

கொழுந்துக் கூடையோடு அவ்வழியே போன பெரியாயி நின்று பார்த்தாள்.

"கழுவிக் கழுவியே கால அழுக வச்சிட்டீங்களே, அண்ணே! எங்க காலு சேத்துப்புண்ணுக்கும் ஈரந்தானே எமன்? சேறு காயட்டும், அப்புறம் உதுத்து விடுங்க. புண்ணுல ஈரத்த ஒத்தி எடுத்துட்டு வேப்பெண்ணெய் போடுங்க. வெளிய கெளம்புறதுக்கு முன்னாடியும் பூசுங்க, தண்ணி ஒட்டாது."

குதிரையைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும் என்று முனகிக்கொண்டே சடையன் அப்படியே செய்தான். பத்தே நாளில் பொருக்கு உதிர்ந்து புது மயிர் அரும்பியது. காலைத் தொட்டாலே உதைத்த குதிரை, இப்போது தானாகவே தூக்கிக் கொடுத்தது. சடையன் அசந்துபோனான்.

"பதுளையில எந்த டாக்டர்கிட்ட காட்டின?" என்று கேட்டார் துரை.

சடையன் நிமிர்ந்து நின்று, கை நீட்டிக் காட்டினான்.

"அந்த டாக்டரம்மா மூணாம் நம்பர் மலையில கொழுந்து எடுக்குறாங்க, தொரை. அவங்க காலுதான் இன்னும் காயல."